மகனுக்கு வேண்டாம், மாமனாருக்கு வேண்டும்: முன்தோல் நீக்கம் பற்றி எங்கள் வீட்டில் எடுத்த இரண்டு முடிவுகள்

போன வருடம் ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை என் மகனுக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. அவனுக்கு நாலு வயது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒண்ணுக்குப் போகும்போது ஆணுறுப்பின் முனையை மூடியிருக்கும் முன்தோல் சின்ன பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும், அப்புறம்தான் நூல் போலச் சிறுநீர் வரும். ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். டாக்டர் தோலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். பிள்ளை வீறிட்டான். "டைட்டா இருக்கு, எடுத்துடலாம்" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டேப்ளர் முறை, 45,000 ரூபாய், காலையில் வந்தால் மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்று வரவேற்பில் இருந்த பெண் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

அந்த வியாழக்கிழமை நாங்கள் போகவில்லை. ஆனால் அதே வருடம் டிசம்பரில் என் மாமனாருக்கு இதே ஆபரேஷன் நடந்தது. இரண்டு வருடம் முன்பே செய்திருக்க வேண்டியது என்று அன்று வருத்தப்பட்டவள் நான்தான். ஒரே தோல், ஒரே கத்தி, ஒரே வீடு. பதில் மட்டும் வேறு வேறு. ஏன் அப்படி என்பதை விளக்கமாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களில் இதைக் கேட்க ஆள் கிடையாது. ஊரில் அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்கவும் கூச்சம். முஸ்லிம்கள் வீட்டில் சுன்னத் செய்வார்கள், பைபிளில் விருத்தசேதனம் என்று வரும், எனக்கு அவ்வளவுதான் தெரியும். இந்து வீட்டுப் பையனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் சரி என்பதா, வேண்டாம் என்பதா? நான் டாக்டர் இல்லை. இரண்டு ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு இந்த ஊரில் நான்கு டாக்டர்களைப் பார்த்தவள்.

பிறக்கும்போது ஒட்டித்தான் இருக்கும்

முதலில் எனக்குத் தெரியாமல் போன விஷயம் இதுதான். ஆண் குழந்தை பிறக்கும்போது முன்தோலின் உட்பக்கமும் அதற்குள் இருக்கும் உறுப்பின் முனையான மொட்டுப் பகுதியும் நகமும் சதையும் போல ஒட்டியிருக்கும். அது நோய் இல்லை. வளர வளரத் தானாகப் பிரியும். 1949இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் கணக்கெடுத்தபோது, பிறந்த குழந்தைகளில் 4 சதவீதம் பேருக்குத்தான் தோல் முழுதாகப் பின்னால் போனது. 1968இல் டென்மார்க்கில் யாகோப் ஓஸ்டர் என்பவர் பள்ளிப் பையன்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார். 6–7 வயதில் 8 சதவீதம் பேருக்குத் தோல் இறுக்கம் இருந்தது, 16–17 வயதில் 1 சதவீதம். தோல் ஒட்டியிருப்பது 63 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. யாரும் கத்தியைத் தொடவில்லை, வயதுதான் வேலை செய்தது.

இதைப் படித்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. காரணம் வேறு. "எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டும்போது தோலைப் பின்னாடி தள்ளித் தள்ளி விடு, இல்லன்னா மூடிக்கும்" என்று அம்மா சொன்னார்கள். குளிப்பாட்ட வந்த பாட்டியும் சொன்னார்கள். நானும் செய்தேன். அவன் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒருநாள் துண்டில் ரத்தப் பொட்டு இருந்தது. அன்றைக்குத்தான் நிறுத்தினேன். ஒட்டியிருக்கும் தோலை வலிந்து பிரித்தால் விரிசல் விடும், விரிசல் ஆறும்போது தழும்பாகும், தழும்பு சுருங்கினால் அதுதான் நிஜமான இறுக்கம். தானாகச் சரியாகக்கூடிய ஒன்றை நம் கையாலேயே ஆபரேஷன் வரைக்கும் கொண்டுபோகிறோம். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் இதை யாராவது படித்தால், தயவுசெய்து வெளியே மட்டும் கழுவுங்கள், தள்ளாதீர்கள். தோலுக்கு அடியில் வெள்ளையாக மணி மணியாகத் தெரிந்தால் அது சீழ் இல்லை. உதிர்ந்த தோல் செல்கள் சேர்ந்தது, தானாக வெளியே வந்துவிடும்.

இரண்டாவதாக ஒரு குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் போனோம். பெரியவர்களைப் பார்க்கும் சர்ஜனும் குழந்தைகள் சர்ஜனும் ஒன்றில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெங்களூரில் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் மாதிரியான அரசு இடங்களிலும் இந்தப் பிரிவு உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போக வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் பார்த்தவர் கன்னடக்காரர். "அவசர பேடம்மா" (அவசரம் வேண்டாம்மா) என்று ஆரம்பித்து, ஓபி சீட்டின் பின்பக்கம் இரண்டு படம் வரைந்தார். தோலை மெல்ல, வலிக்காத அளவுக்கு மட்டும் பின்னால் இழுக்கும்போது தோலின் முனை பூமொட்டு விரிகிற மாதிரி விரிந்து உள்ளே இளஞ்சிவப்பு சதை தெரிந்தால் அது இயற்கையான இறுக்கம். விரியாமல், தோலின் வாயைச் சுற்றி வெள்ளையாகக் கெட்டியான வளையம் தெரிந்தால் அது தழும்பு. என் மகனுக்கு விரிந்தது. பலூன் மாதிரி உப்புவது பார்க்கப் பயமாக இருந்தாலும், சிறுநீர் தடையின்றி வந்து முடிகிறது, அழவில்லை, காய்ச்சல் இல்லை என்றால் அது ஒன்றை மட்டும் வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டியதில்லை என்றார். முதல் டாக்டர் பார்த்ததும் இதே தோலைத்தான். அவர் பார்த்தது போகிறதா இல்லையா என்று. இவர் பார்த்தது ஏன் போகவில்லை என்று.

காத்திருப்பது, க்ரீம், சின்ன ஆபரேஷன், முழு ஆபரேஷன்

அவர் எங்கள் முன் வைத்தவை நான்கு வழிகள். சும்மா இருப்பது ஒன்று. காசில்லை, வலியில்லை. இதன் குறை, நாம் பொறுமையாக இருக்க வேண்டும், கண்காணிக்கவும் வேண்டும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவது, முக்கி அழுவது, முனை சிவந்து வீங்கி அடிக்கடி சீழ் வைப்பது, வெள்ளை வளையம் தெரிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருப்பது முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வெள்ளை வளையம் ஒரு தனி நோய். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்பார்கள், டாக்டர்கள் சுருக்கமாக பி.எக்ஸ்.ஓ. என்று எழுதுவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே அரிது. அது மட்டும் உறுதியானால் பேச்சே இல்லை, முன்தோல் நீக்கம்தான் சிகிச்சை. விட்டால் சிறுநீர்த் துவாரம் வரை சுருக்கிவிடும்.

இரண்டாவது க்ரீம். இதற்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. 2014இல் வந்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மருந்தில்லாத வெறும் க்ரீமைவிட ஸ்டீராய்டு க்ரீம் போட்ட பையன்களுக்குத் தோல் தளர்வது இரண்டு மடங்குக்கும் மேல் என்று சொன்னது. எங்களுக்கு எழுதியது பீட்டாமெத்தசோன் 0.05 சதவீதம், காலை ஒருமுறை, இரவு ஒருமுறை, ஆறு வாரம். ஒரு ட்யூப் நூறு ரூபாய்க்குள் முடிந்தது. 45,000 எங்கே, நூறு எங்கே.

ஆனால் க்ரீமைத் தடவும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. மொட்டின் மேல் அப்பினால் பிரயோஜனமில்லை. குளித்து முடித்ததும் தோல் இளகியிருக்கும்போது, வலிக்காத வரைக்கும் மெல்லப் பின்னால் இழுத்து, இறுக்கமான அந்த வளையத்தின் மேல் ஓர் அரிசி அளவு தடவி, சில நொடி பிடித்திருந்துவிட்டு விட்டுவிட வேண்டும். முதல் நாலு நாள் அவன் ஓடினான். ஐந்தாம் நாளிலிருந்து சமையலறை காலண்டரில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன், புள்ளி வைக்கும் ஆசையில் அவனே வந்து நின்றான். ஸ்டீராய்டு என்றதும் என் வீட்டுக்காரர் பயந்தார். இவ்வளவு சின்ன இடத்தில், இவ்வளவு குறைந்த நாளில், உடம்புக்குள் போவது மிகக் குறைவு என்று டாக்டர் விளக்கினார். பயப்பட வேண்டியது வேறொன்று. மெடிக்கலில் போய் "அரிப்புக்கு ஏதாவது" என்றால் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த ட்யூபை எடுத்து நீட்டுவார்கள். அது இதற்கான மருந்தில்லை. எழுதிய மருந்தை, எழுதிய நாள் மட்டும்.

க்ரீமின் குறை, சிலருக்குத் தளராது, சிலருக்குத் தளர்ந்தபின் மறுபடி இறுகும். தழும்பு நன்றாகக் கெட்டியாகிவிட்டால் பெரிதாக உதவாது.

மூன்றாவது வழியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதேயில்லை. தோலை நீக்காமல், இறுகிய இடத்தில் மட்டும் நீளவாக்கில் சின்னக் கீறல் போட்டு, குறுக்குவாக்கில் தைத்து அகலப்படுத்துவது. தோல் மிஞ்சும். திரும்ப இறுக வாய்ப்புண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு பிள்ளையின் தோலைத் தினமும் இழுத்துப் பழக்க வேண்டும், அது வலிக்கும். தோலை வைத்துக்கொள்ள விரும்பும் பெரிய பையன்களுக்கு ஒத்துவரலாம்.

கடைசி வழி முழுதாக நீக்குவது. இதன் பெரிய லாபம், பிரச்சினை அத்தோடு முடியும். இறுக்கம் இல்லை, சீழ் இல்லை, பின்னால் போன தோல் திரும்பாமல் மாட்டிக்கொள்வதில்லை. எங்கள் பையனுக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி. "பின்னாடி பெரியவனானா பல வியாதி வராதாமே, இப்பவே செஞ்சுட்டா நல்லதுதானே?" என்று என் நாத்தனார் மும்பையிலிருந்து ஃபோனில் கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே அந்தப் "பல வியாதி" ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன்.

சிறுநீர்த் தொற்று. முன்தோல் நீக்கிய குழந்தைகளுக்கு இது நன்றாகவே குறைகிறது, சந்தேகமில்லை. ஆனால் சாதாரண ஆரோக்கியமான பையன்களுக்கு இந்தத் தொற்று வருவதே குறைவு, அதுவும் பெரும்பாலும் முதல் வருடத்தில். 2005இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்குப் போட்டுச் சொன்னது: ஒரு பையனுக்கு வரக்கூடிய ஒரு தொற்றைத் தடுக்க 111 பையன்களுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆபரேஷனில் சிக்கல் வருவது 2 சதவீதம் என்று வைத்தால், அந்த 111 பேரில் இரண்டு பேருக்குச் சிக்கல். ஒருவரைக் காப்பாற்ற இருவருக்கு. ஆனால் அதே ஆய்வில், அடிக்கடி தொற்று வரும் பையன்களில் 11 பேருக்குச் செய்தால் ஒன்றைத் தடுக்கலாம். சிறுநீர் பையிலிருந்து சிறுநீரகத்துக்கு மேலே ஏறும் கோளாறு கடுமையாக உள்ளவர்களில் 4 பேருக்குச் செய்தாலே போதும். அந்தக் குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் விஷயம் இது. எனவே ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் உள்ள பையனின் அம்மா நான் எழுதியதை வைத்து ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது. அவருக்குக் கணக்கே வேறு.

எச்.ஐ.வி. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா மூன்று நாடுகளிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் சோதனை நடந்தது. 2005லும் 2007லும் முடிவுகள் வந்தன. பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது இதை வைத்துத்தான். ஆனால் அந்தப் பரிந்துரை நோய் மிக அதிகமாகப் பரவிய கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு. இந்தியாவில் வயது வந்தோரில் நோய் இருப்பது ஏறக்குறைய 0.2 சதவீதம். நாலு வயதுப் பையனுக்கு இந்த லாபம் கிடைக்க இன்னும் பதினைந்து வருடம் ஆகும். அப்போது அவனே முடிவெடுக்கலாம். எந்த முடிவெடுத்தாலும் ஆணுறை தேவைதான், 60 என்பது 100 இல்லை.

உடலுறவால் பரவும் எச்.பி.வி. கிருமியும் குறைகிறது, அதனால் மனைவிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று வரும் வாய்ப்பும் குறையலாம். உண்மை. ஆனால் இதற்கு இப்போது தடுப்பூசியே இருக்கிறது. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் ஊசிக்குப் பெண்களுக்கு மட்டுமல்ல, பையன்களுக்கும் அனுமதி உண்டு. புற்றைத் தடுக்க வேண்டும் என்றால் நான் ஊசியைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆணுறுப்புப் புற்று அரிது. அது வருவதற்கு ஒரு பெரிய காரணம் வயதான பிறகும் தீராத தோல் இறுக்கம். தோல் நன்றாகப் பின்னால் போய், சுத்தமாகக் கழுவ முடிந்தால் அந்த ஆபத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது.

உணர்ச்சி குறையுமா என்பதைப் பற்றி ஆண்களிடம் கேட்டால் பதில் வராது, ஆகவே படித்ததைச் சொல்கிறேன். கென்யா, உகாண்டா சோதனைகளில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை இரண்டு வருடம் கவனித்ததில் தாம்பத்தியத்தில் குறை ஏதும் தெரியவில்லை. மெல்லிய தொடுதலை அதிகம் உணரும் இடம் முன்தோல்தான் என்று அளந்து சொன்ன ஆய்வும் இருக்கிறது. என் கண்ணில் பட்டது ஒன்று: அந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் தாங்களே சம்மதித்து வந்தவர்கள். என் மகனிடம் யாரும் கேட்கவில்லை.

பெரிய மருத்துவச் சங்கங்களே ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் நன்மை ஆபத்தைவிட அதிகம் என்றது, ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யச் சொல்லும் அளவுக்கு இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. கனடா சங்கம் 2015இல் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது. நெதர்லாந்து மருத்துவச் சங்கம் 2010இலேயே, நோய் இல்லாத சிறுவர்களுக்கு வேண்டாம் என்று கடுமையாகவே சொல்லிவிட்டது.

கீழ்வீட்டு அம்மா

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் ஒரு ராவுத்தர் குடும்பம், பூர்வீகம் திண்டுக்கல் பக்கம். அந்த அம்மாவிடம்தான் தைரியமாகக் கேட்டேன். அவர் மகன்களுக்கு ஆறு, ஏழு வயதில் ஊரில் மார்க்கக் கல்யாணம், அதாவது சுன்னத் சடங்கு, செய்தார்களாம். புதுத்துணி, மாலை, சொந்தபந்தம் எல்லாம் வந்து, பரம்பரையாகச் செய்பவர் வீட்டிலேயே செய்தாராம். சின்னவனுக்கு அன்று ராத்திரி முழுக்க ரத்தம் நிற்கவில்லை என்று சொல்லும்போது இப்போதும் அவர் முகம் மாறியது. அதனால் பேரனுக்கு ஆஸ்பத்திரியில், மரத்துப்போக ஊசி போட்டு, கைக்குழந்தையாக இருக்கும்போதே செய்துவிட்டார்கள். "எங்களுக்கு இது மார்க்கம் கண்ணு. ஒனக்கு இது வைத்தியம். வைத்தியம்னா வேற வழி இருக்கான்னு பாத்துட்டுதான் செய்யணும்" என்றார்.

அவர்களைப் போன்ற குடும்பங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி இல்லை. எப்போது, எங்கே, யார் கையால் என்பதுதான் ஒப்பிட வேண்டியது. அதில் அந்த அம்மா பேரனுக்குச் செய்ததுதான் மருத்துவக் கணக்குப்படியும் சரி. 2010இல் உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கைக்குழந்தைகளுக்குச் சிக்கல் 1.5 சதவீத அளவிலும், வளர்ந்த பையன்களுக்கு 6 சதவீத அளவிலும் இருப்பதாகக் கண்டார்கள். சிக்கல் என்றால் பெரும்பாலும் ரத்தக் கசிவு, சீழ், தோல் கோணலாக நிற்பது. கைக்குழந்தைக்கு அந்த இடம் மட்டும் மரத்தால் போதும், ஏழு வயதுப் பையனுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டும், பயமும் நினைவில் நிற்கும். ஆனால் கைக்குழந்தை என்றாலும் முன்கூட்டிப் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. சிறுநீர்த் துவாரம் முனையில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் தோலைத் தொடவே கூடாது, பிறகு அந்தத் துவாரத்தைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் தேவைப்படும். குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை.

ஒரு கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1966இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ஒரு வயது நிரம்பாத இரட்டை ஆண் குழந்தைகள். இருவருக்கும் சிறுநீர் கழிப்பதில் சிரமம், தோல் இறுக்கம் என்று முன்தோல் நீக்க முடிவானது. முதல் குழந்தைக்கு மின்சாரச் சூட்டுக் கருவியால் செய்தபோது உறுப்பே கருகிப்போனது. பிற்காலத்தில் டேவிட் ரைமர் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். அவர் பட்ட பாடு பெரிய கதை. என்னை உலுக்கியது அடுத்த குழந்தையின் கதை. பயத்தில் அவனுக்கு ஆபரேஷனை நிறுத்திவிட்டார்கள். அவனுடைய இறுக்கம் கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிட்டது. இப்படி நடப்பது மிக மிக அரிது. ஆனாலும் எந்த சர்ஜனிடம் போனாலும் "சூடு வைக்க எந்தக் கருவி, பைபோலாரா?" என்று கேளுங்கள். பைபோலாரில் மின்சாரம் கருவியின் இரண்டு முனைகளுக்கு இடையே மட்டும் பாயும், மோனோபோலாரில் உடம்பு வழியாகப் பாயும். இந்த இடத்தில் மோனோபோலார் கருவி வேண்டாம் என்பது இப்போது பரவலாக ஒப்புக்கொண்ட விஷயம்.

மாமா

காலண்டரில் புள்ளிகள் மூன்றாம் வாரத்தைத் தொட்டிருந்தன. ஒருநாள் காலை மாமா பேப்பரை மடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "ஏம்மா, பையனைப் பார்க்கிற டாக்டர் பெரியவங்களையும் பார்ப்பாரா?" எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்காரரை எழுப்பினேன்.

மாமாவுக்கு 64 வயது, சர்க்கரை வந்து பதினைந்து வருடம். இரண்டு வருடமாக முன்தோலில் விரிசல், அரிப்பு, எரிச்சல். தோல் பின்னால் போவதே நின்றுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. தினமும் தண்ணீரில் கிருமிநாசினி கலந்து கழுவியிருக்கிறார், அது விரிசலை இன்னும் புண்ணாக்கியிருக்கிறது. சிறுநீர்ப் பாதை மருத்துவரான யூராலஜிஸ்ட் முதலில் கேட்டது மாத்திரைச் சீட்டை. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்லோசின் எடுத்துக்கொண்டிருந்தார். இந்த வகை மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. தோலுக்கடியில் இனிப்பும் ஈரமும் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இப்போது இந்த மாத்திரைகள் விலை குறைந்து ஏராளமானோர் சாப்பிடுகிறார்கள், நல்ல மாத்திரையும்கூட, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் காவல். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள். அந்த இடத்தில் அரிப்பு வந்தால் கூச்சப்படாமல் சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பூஞ்சைக் க்ரீமிலேயே முடியும்.

மாமா சீக்கிரம் சொல்லவில்லை. க்ரீம் போட்டார்கள், இரண்டு வாரம் நன்றாக இருந்து திரும்ப வந்தது. முனையில் வெள்ளைத் தழும்பு, அந்தக் கன்னட டாக்டர் இரண்டாவதாக வரைந்த படம் அப்படியே. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே முடியவில்லை, இந்த வயதில் அதுதான் ஆபத்து. மகனுக்குக் காலம் துணை, மாமாவுக்குக் காலம் எதிரி. காத்திருப்பதால் அவருக்குக் கிடைக்கப்போவது எதுவுமில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, முன்தோலை நீக்கினார்கள். நீக்கிய தோலைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வரும்வரை எட்டு நாளும் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. லைக்கன் ஸ்கிளிரோசஸ், புற்று இல்லை என்று வந்தது. பெரியவர்களுக்குச் செய்தால் தோலைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களா என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்குக் கஷ்டம் இல்லாமலும் இல்லை. மூன்று வாரம் ஆறவில்லை, சர்க்கரைக்காரர்களுக்கு அப்படித்தான். மொட்டில் துணி உரசினால் கூசியது. பத்து நாள் வேட்டிதான், ஸ்கூட்டர் தொடவில்லை. தையல் தானாகக் கரைந்தது. ஆறு வாரம் தாம்பத்தியம் கூடாது என்று டாக்டர் சொன்னபோது வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தாராம். அதன் பிறகு ஒரு தடவைகூட அரிப்பு வரவில்லை, நிறுத்திவைத்திருந்த அந்த மாத்திரையையும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

ஸ்டேப்ளரா, சாதாரணத் தையலா என்றும் கேட்பார்கள். ஃபோனைத் திறந்தால் ஸ்டேப்ளர், லேசர் என்று விளம்பரம் வருகிறது. ஸ்டேப்ளர் என்பது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் கருவி, வெட்டுவதும் பின் அடிப்பதும் ஒரே அழுத்தில் முடியும். நேரம் குறைவு, ரத்தம் குறைவு, தழும்பு நேராக இருக்கும். விலை அதிகம், சில நேரம் பின்கள் உதிராமல் சதைக்குள் மாட்டிக்கொண்டால் எடுக்க வேண்டும். மாமாவுக்குத் தழும்புத் தோல் என்பதால் யூராலஜிஸ்ட் கையாலேயே தைத்தார். எந்தக் கருவி என்பது சர்ஜன் கை பழகியதைப் பொறுத்தது. முதல் மருத்துவமனையில் எங்களிடம் கருவியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள், தேவையா என்பதைப் பற்றிக் கொஞ்சம்தான். இன்னொன்று, மருத்துவக் காப்பீட்டில் முன்தோல் நீக்கம் நோய்க்கான சிகிச்சையாக இருந்தால் மட்டும்தான் பொதுவாகப் பணம் கிடைக்கும். நோயின் பெயரை டாக்டர் சீட்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மாமாவுக்கு அப்படித்தான் கிடைத்தது.

மகனுக்கு மூன்றாம் வாரத்திலேயே பலூன் உப்புவது நின்றுவிட்டது. ஆறாம் வாரம் தோல் பாதி வரை போனது, மீதி ஒட்டியிருப்பது தானாகப் பிரியும், க்ரீமை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். இப்போது குளிக்கும்போது அவனே செய்கிறான், வலிக்காத வரைக்கும். "தள்ளு, கழுவு, மூடு" என்று மூன்று வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவதுதான் முக்கியம். பின்னால் போன தோலை முன்னால் கொண்டுவராமல் விட்டால் மொட்டு வீங்கித் தோல் அங்கேயே மாட்டிக்கொள்ளும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரம் அது. ஆறு வயதில் ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அவன் ஃபைல் அலமாரியின் மேல்தட்டில், மாமாவின் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.